ஆதிக் கலசத்தின் அமெரிக்க வரலாறு

பிறர் பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைத்து, மொட்டையடித்து, காது குத்தி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தகப்பன் என்ற இடத்தில் தன் பெயரை எழுதுவது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. அதற்கு மேதைமை வேண்டும். கூடவே கொஞ்சம் அவசரமும் வேண்டும். 1984ஆம் ஆண்டு இந்த இரண்டும் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில், கஹுவெங்கா சாலையில், ஒரு மெத்தைக் கடையின் மாடியில் சேர்ந்து குடியிருந்தன. 'ஸ்டெல்லராக்ஸ்' என்ற மாபெரும் விண்வெளிக் காவியம் அங்கேதான் 'படைக்கப்பட்டது'. மனித குலம் அதற்கு முன்பு எப்படிப் பொழுதைக் கழித்தது என்று தெளிவாகத் தெரியவில்லை.

படைத்தவர் வெண்டல் ப்ரூயிட். அதற்கு முன் பல வருடங்கள் நாய்த் தீனி விளம்பரங்களுக்கு வாசகம் எழுதியவர். அவர் எழுத்தைப் பற்றி எந்த நாயும் ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் திரையில் அவர் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. நாயின் பெயர் வந்தது. வெண்டல் வேன் நைஸ் என்ற புறநகரில் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கறுப்புத் திரையில், வெள்ளை எழுத்தில், வேறு யார் பெயரும் பக்கத்தில் இல்லாமல், தன் பெயர் தனியாக வந்து இரண்டு நொடி நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. உலகத்தில் இதைவிடச் சின்ன ஆசைக்காகப் போர்களே நடந்திருக்கின்றன.

மெத்தைக் கடை மாடியில் இருந்த கம்பெனியின் பெயர் வெஸ்ட் பெலிகன். முதலாளி மார்ட் ஜெல்னிக். டோக்கியோவுக்குப் போய் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைப் பேரம் பேசி வாங்கிவிட்டு, கத்தரிக்காய் வாங்கினவன் கறிவேப்பிலை கேட்பதுபோல் இன்னும் இரண்டு தொடர்களைக் கொசுறாகக் கேட்டு வாங்கி வந்தவர். பெட்டியை வெண்டலின் மேஜைமேல் வைத்தார்.

"இந்தா, ஒரு தொடர்," என்றார்.

"மூணு இருக்கே, மார்ட்."

"அது ஜப்பான்ல. இங்க ஒண்ணு."

வெண்டல் போட்டுப் பார்த்தார். முதல் தொடரில் விண்வெளித் தபால்காரர்கள் போரின் நடுவே கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதில் செவ்வாய் கிரகத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். மூன்றாவதில் உறைந்துபோன பூமியின் குறுக்கே ஒரு ரயில் போய்க்கொண்டே இருந்தது. மூன்றையும் மூன்று பேர் எடுத்திருந்தார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துக்கொண்டதுகூட இல்லை.

"இது எப்படி ஒரே கதை ஆகும்?"

"டிவி ஸ்டேஷன்காரன் அறுபத்தஞ்சு பகுதிக்குக் குறைஞ்சா தொடமாட்டான்யா. வாரத்துக்கு அஞ்சு நாள், பள்ளிக்கூடம் விட்டு வர்ற பசங்களுக்கு. ஒரு பகுதி குறைஞ்சாலும் கடையைச் சாத்திட்டுப் போன்னுடுவான். எந்த ஜப்பான்காரனும் அறுபத்தஞ்சு எடுக்கிறதில்ல. அவனுக்குக் கதை முடிஞ்சா நிறுத்திடறான். ஒழுங்கீனம்."

"சரி, மூணையும் சேர்த்தா எத்தனை?"

"அறுபத்தி நாலு."

கீழே யாரோ மெத்தைமேல் குதித்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"மார்ட், எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மொழிபெயர்க்க ஒரு ஆள் வேணும்."

"எதுக்கு? இத்தனை வருஷம் நாய் என்ன நினைக்குதுன்னு எழுதினே. அதுக்கு யாரு மொழிபெயர்த்தா?" மார்ட் கதவருகில் போய் நின்று திரும்பினார். அவர் ஒரு பேரத்தை முடிக்கும்போது எப்போதும் அங்கே நின்றுதான் முடிப்பார். "ஒட்டவச்சுக் குடுத்தேன்னா, 'படைத்தவர்'னு உன் பேரைப் போடறேன். தனியா. கறுப்புத் திரையில."

வெண்டல் அன்றைக்கே கத்தரியைக் கையில் எடுத்தார்.

முதல் வேலை, படத்துக்கு 'அமெரிக்கத் தன்மை' ஊட்டுவது. இது நுட்பமான கலை. குச்சியால் சாப்பிடுகிற காட்சியை வெட்ட வேண்டும். தரையில் உட்கார்ந்தால் வெட்ட வேண்டும். குனிந்து வணங்கினால், வணங்கப்படுகிறவரை வைத்துக்கொண்டு வணங்குகிறவரை வெட்ட வேண்டும். வெட்ட முடியாத இடத்தில் முகத்தை மட்டும் பெரிதாக்கி, கையையும் கிண்ணத்தையும் திரைக்கு வெளியே தள்ள வேண்டும். அடுத்த வேலை, உறவு ஏற்படுத்துவது. தபால்காரனின் மகள்தான் செவ்வாயில் தலைமையாசிரியை என்றும், அவள் பேரன்தான் ரயில் ஓட்டுகிறான் என்றும் வெண்டல் முடிவுசெய்தார். தாத்தாவுக்கு நீலத் தலைமுடி, மகளுக்குப் பச்சை, கொள்ளுப்பேரனுக்கு ரோஜா நிறம். குடும்ப ஜாடை அப்படியே இருந்தது.

எல்லாம் ஆனபிறகும் அறுபத்தைந்தாவது பகுதி இல்லை. வெட்டித் தள்ளிய துண்டுகளிலிருந்துதான் அதை எடுக்க வேண்டும். மூன்று தொடரின் துண்டுகளையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றில் இருக்கும் ஆள் இன்னொன்றில் இல்லை, ஒன்றில் இருக்கும் கப்பல் இன்னொன்றில் இல்லை. வெண்டல் திரையின் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அதைக் கண்டார்.

மூன்றிலும் அது இருந்தது. தபால் கப்பலில், பள்ளிக்கூடத்தில், ரயிலில். வெள்ளை நிறத்தில் உருண்டையான ஒரு கலசம். அதன்மேல் மூடி, மூடியில் ஒரு குமிழ். உடம்பெல்லாம் சின்னச் சின்னப் பூக்கள். அடியில் ஒரு சிவப்பு விளக்கு. பின்னால் கறுப்பாக ஒரு வால் நீண்டு சுவருக்குள் போனது. மூடியின் துளையிலிருந்து வெள்ளைப் புகை மெல்ல எழுந்தது. சுற்றிலும் ஆண்களும் பெண்களும் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். சட்டென்று சிவப்பு விளக்கு ஆரஞ்சாக மாறியது. எல்லோர் முகத்திலும் ஆனந்தம்.

இதைப் படிக்கிறவர்களின் வீட்டில் அது என்ன என்று கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் வேன் நைஸில் வளர்ந்த வெண்டலுக்குச் சோறு என்பது அட்டைப்பெட்டியில் வரும் ஒரு பொருள். அது எப்படிப் பிறக்கிறது என்று அவர் யோசித்ததே இல்லை. ஆகையால் அவர் நேராக உண்மைக்குப் போனார். அதுதான் பிரபஞ்சத்தின் மூல சக்தி. 'ஆதிக் கலசம்'. இத்தனை போரும் அதற்காகத்தான். பூக்கள் நட்சத்திர வரைபடம். கறுப்பு வால் அண்டத்தின் தொப்புள்கொடி. இடுப்பில் துணி கட்டி, கையில் தட்டையான மரக்கரண்டியுடன் நிற்கும் ஆள் தலைமைக் குரு. கரண்டி ஞானக்கோல்.

குரல் கொடுக்க வந்த லெனோர் திரையைப் பார்த்தாள். அந்தத் தொடரில் ஒரு தாய், இரண்டு தளபதிகள், ஒரு ரோபோ, ஒரு கிளி ஆகிய ஐவரும் அவள்தான்.

"வெண்டல், இது ஏதோ அடுப்பு மாதிரி இல்ல?"

"விண்வெளிக் கப்பல்ல எதுக்கு அடுப்பு?"

"ஏன், அவங்களுக்குப் பசிக்காதா?"

"இது காவியம், லெனோர். காவியத்துல யாரும் சாப்பிட மாட்டாங்க."

"எப்படிச் சாப்பிடுவாங்க? அதையெல்லாம்தான் நீ வெட்டிட்டியே." அவள் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். "சரி, இங்க எல்லாரும் வாயை அசைக்கிறாங்க. ஆனா பேசற மாதிரி தெரியல. என்னத்தச் சொல்றாங்க?"

பெரிதாக்கப்பட்ட முகங்கள் கன்னம் உப்ப வாயை அசைத்துக்கொண்டிருந்தன. ஐந்து அசைவு, ஒரு விழுங்கல். ஐந்து அசைவு, ஒரு விழுங்கல்.

"பிரார்த்தனை," என்றார் வெண்டல்.

ஐந்து அசைவுக்குப் பொருத்தமாக அங்கேயே ஒரு மந்திரம் எழுதினார். "ஓரா, வேரா, சோலா, மீரா, ஸ்டெல்லராக்ஸ்." லெனோர் அதை நான்கு குரலில் சொன்னாள். கிளி மட்டும் சொல்லவில்லை. விளக்கு நிறம் மாறுவதற்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. 'தன் முன்னால் எவனாவது பொய் உரைத்தால் ஆதிக் கலசம் நிறம் மாறும்' என்று எழுதினார். நல்ல வரி. எழுதின கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஸ்டெல்லராக்ஸ்னா என்ன?" என்று மார்ட் கேட்டார்.

"அதுக்கு அர்த்தம் கிடையாது. அதுதான் அதோட ஆழம்."

"வயித்தைக் கலக்கற மருந்து மாதிரி இருக்கு. பரவாயில்ல, மனசுல நிக்கும்."

நின்றது. அடுத்த வருடம் பள்ளிக்கூடம் விட்டு வந்த அமெரிக்கப் பிள்ளைகள் அழுதார்கள், சிரித்தார்கள், கம்பளத்தில் உருண்டார்கள். பிற கார்ட்டூன்களில் செத்தவன் அடுத்த வாரம் எழுந்து வருவான். இதில் தபால்காரன் செத்தால் செத்ததுதான். டோக்கியோவில் யாரோ உட்கார்ந்து எழுதிய சாவு அது. ஆனால் கறுப்புத் திரையில் இரண்டு நொடி நின்றது 'படைத்தவர்: வெண்டல் ப்ரூயிட்'. பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அனஹைம் நகரில் ஓர் ஓட்டலில் மாநாடு கூட்டினார்கள். கலசத்தைக் களிமண்ணில் செய்தார்கள், தகரத்தில் செய்தார்கள், ஒருவன் முதுகில் பச்சை குத்திக்கொண்டான். ஐந்து முறை வாயசைத்து விழுங்குவது அவர்களுக்குள் வணக்கம் சொல்லும் முறையாயிற்று. கார்டீனா பக்கமிருந்து மட்டும் ஜப்பானியக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர், 'எங்கள் அடுப்படியிலும் ஒன்று இருக்கிறது' என்று எழுதினார்கள். மார்ட் அவர்களுக்குக் 'கலசக் காவலர்' பட்டம் அளித்து, சட்டையில் குத்திக்கொள்ள வில்லையும் அனுப்பிவைத்தார்.

இந்த நிலையில்தான் 1986இல் ஒரு மத்தியான நேரம் வெண்டலும் லெனோரும் 'முதல் தெரு' என்ற தெருவில், ஜப்பானியர் கடைகள் இருக்கும் பகுதியில், காரை எங்கோ தள்ளி நிறுத்திவிட்டு நடந்துவந்தார்கள். ஒரு பாத்திரக்கடை ஜன்னலில் வரிசையாக ஏழு ஆதிக் கலசங்கள் இருந்தன. பெரிது, சிறிது, நடுத்தரம். ஒன்றில் தள்ளுபடி என்று ஒட்டியிருந்தது.

வெண்டல் நின்றார். லெனோர் கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து அட்டையைப் படித்தாள்.

"மின்சாரத்தில் அரிசி வேகவைக்கும் பாத்திரம். ஆறு பேருக்குப் போதும்." நிமிர்ந்தாள். "வெண்டல், உன் அண்டத்தோட மூல சக்தி ஆறு பேருக்குத்தான் காணுமாம்."

"நம்ம தொடரைப் பாத்துட்டு செஞ்சிருப்பாங்க," என்றார் வெண்டல்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"யாருகிட்டயும் சொல்லாத லெனோர். என் பேர் போயிடும்."

"நான் ஏன் சொல்றேன்? அடுத்த தொடர்ல எனக்கு ஏழு குரல் தரேன்னிருக்கார் மார்ட்."

அடுத்த வருடம் வெஸ்ட் பெலிகன் கலசத்தின் உருவத்தைத் தன் வணிக முத்திரையாக அரசாங்கத்தில் பதிவுசெய்தது. வெள்ளை உடம்பு, குமிழ் வைத்த மூடி, பூக்கள், சிவப்பு விளக்கு, புகை. வெண்டல் கூடப் போய் நின்றார். பேசவில்லை.

அதன்பின் ஸ்டெல்லராக்ஸின் வரலாறு சாதனைகளால் நிரம்பியது. இரண்டாம் பாகத்தை ஜப்பானியர் உதவி இல்லாமல் சொந்தமாகவே எடுக்கத் தொடங்கினார்கள். மூன்று பகுதி வரை வந்து நின்றது. ஒட்டுவதற்குத் துணி இல்லாத தையற்காரர் என்ன செய்வார்? நாடகமாகப் போட்டார்கள், மூடியின் குமிழ் கழன்று முதல் வரிசையில் இருந்தவர்மேல் விழுந்தது. ஒவ்வொரு மாநாட்டிலும் மார்ட் மேடையேறி, 'பெரிய திரைப்படம் அடுத்த கோடையில்' என்று அறிவிப்பார். ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். கோடை வரும். அதுமட்டும் தவறியதில்லை. அழுத பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் பிறந்து, அவர்களும் வந்து கைதட்டினார்கள்.

கடைசியில் மெய்யாகவே ஒரு பெரிய ஸ்டுடியோ வந்தது. படம் எடுக்கிறோம் என்றது. நாடெங்கும் திரையரங்குகளில், மாடி உயரத்துக்கு, 'படைத்தவர்: வெண்டல் ப்ரூயிட்'. அவருக்கு அப்போது தலை முழுக்க நரைத்து, முட்டி வலி வந்திருந்தது. திரையரங்கில் எந்த வரிசையில் உட்கார்ந்தால் எழுத்து முழுதாகத் தெரியும் என்று வேன் நைஸில் ஒரு தியேட்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.

அதே மாதம் ஜப்பானிலிருந்து இன்னொரு படமும் அமெரிக்காவுக்கு வந்தது. எடுத்தவர் ஹகிவாரா. தபால்காரனைப் படைத்து, வளர்த்து, சாகடித்த அந்த ஹகிவாரா. வயதான காலத்தில் ஒரு சின்னக் கார்ட்டூன் படம் எடுத்திருந்தார். ஒரு பஸ் டிரைவர், அவர் மனைவி, இரண்டு பெண்கள். அவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்கிறார்கள். சண்டை போடுகிறார்கள், சமாதானம் ஆகிறார்கள், எழுந்திருக்கிறார்கள். படம் அவ்வளவுதான். மேஜை நடுவில் முழுப் படத்திலும் ஒரு வெள்ளைக் கலசம்.

"திருட்டு," என்றார் மார்ட்.

"மார்ட், அது..." வெண்டல் இழுத்தார். "அது ஒரு பானைதானே."

"பானைன்னு இன்னிக்கு ஒத்துக்க. நாளைக்கு ஸ்டுடியோக்காரன் பானைக்கு எதுக்குடா பணம் போடணும்னு எந்திரிச்சுப் போவான். அப்புறம் உன் பேரை எங்க போடறது? பானை மேலயா?"

வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் ஒரு நடுவரிடம் விட்டார்கள். செஞ்சுரி சிட்டியில் ஓர் உயரமான கட்டடத்தில், நீளமான மேஜை போட்ட அறை. நடுவர் ஹேரியட் ஸ்டாக்டன், ஓய்வுபெற்ற நீதிபதி. மார்ட்டின் பக்கம் வக்கீல், வெண்டல், பிரார்த்தனையைச் செய்து காட்டுவதற்காக லெனோர். எதிர்ப்பக்கம் ஹகிவாரா மட்டும். அவர் படத்தை வாங்கிய அமெரிக்க விநியோகஸ்தர், பானைக்காக வக்கீல் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஹகிவாரா மடியில் ஒரு துணி மூட்டை வைத்திருந்தார்.

"ஒரு பிளக் கிடைக்குமா அம்மா?" என்று கேட்டார். ஆங்கிலத்தை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினார்.

மூட்டையைப் பிரித்தார். மூடி, குமிழ், பூக்கள். பக்கத்து அறைக் குழாயில் அரிசி களைந்து வந்து போட்டு, மூடி, பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

வக்கீல் துள்ளி எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன். எங்க பதிவுபெற்ற முத்திரையை அனுமதி இல்லாம இந்த அறையில பயன்படுத்தறார்."

"அவர் சமைக்கிறார்," என்றார் ஸ்டாக்டன்.

"அதுதான் ஆட்சேபணை."

லெனோர் பிரார்த்தனையைச் செய்து காட்டினாள். நான்கு குரலிலும் சொன்னாள். நடுவர் அம்மாள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். கலசம் ஒருமாதிரி முனகத் தொடங்கியிருந்தது. புகை வந்தது. அறையில் சோற்று மணம்.

"ஹகிவாரா ஐயா, உங்க பழைய தொடர்ல இதை எதுக்கு வரைஞ்சீங்க?" என்று ஸ்டாக்டன் கேட்டார்.

"எதுக்குன்னு இல்லம்மா. எங்க ஸ்டுடியோ மூலையில ஒண்ணு இருந்துச்சு. மேஜை மேல ஏதாவது வரைங்கடான்னா பசங்க கண்ணுக்குத் தெரியறதை வரைவாங்க. எல்லா ஸ்டுடியோலயும் ஒண்ணு இருக்கும். சாப்பிடாம யாரு வரைவா?"

"வெண்டல் ப்ரூயிட்டை நீங்க ஏதாவது கேக்கணுமா?"

ஹகிவாரா திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. வெண்டலுக்கு அது இன்னும் சங்கடமாக இருந்தது.

"ப்ரூயிட் சார், ஆதிக் கலசம்னு எழுதினீங்களே, அப்போ இது சோறாக்குற பாத்திரம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாது," என்றார் வெண்டல். உண்மை. சொன்னபோது நெஞ்சு லேசாயிற்று.

மார்ட்டின் வக்கீல் மேஜையைத் தட்டினார். "கவனிங்க அம்மா. தெரிஞ்சு எடுத்தா அது நகல். இவருக்குத் தெரியாது. சோறு தெரியாது, அடுப்பு தெரியாது, அந்த மொழியில ஒரு எழுத்துத் தெரியாது. ஒண்ணுமே தெரியாத ஒருத்தர் எங்கேருந்து காப்பியடிக்க முடியும்? இது சுத்தமான கற்பனை."

அமெரிக்கச் சட்ட வரலாற்றில் அறியாமைக்கு இவ்வளவு உயர்ந்த இடம் அதற்கு முன் கிடைத்திருக்க நியாயமில்லை. ஸ்டாக்டன் யோசித்தார். ஏற்றுக்கொள்கிறவர் போலத்தான் தெரிந்தது.

"அது சரி. ஆனா முத்திரையைப் பதிவு பண்ணின நாள்ல இவருக்குத் தெரிஞ்சிருந்தா, அது மோசடி. அப்போ வழக்கு அத்தோட முடிஞ்சுது. ப்ரூயிட், இது அரிசிப் பாத்திரம்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

வெண்டல் மேஜையைப் பார்த்தார். முதல் தெரு ஜன்னல் தெரிந்தது. ஏழு கலசம், ஒன்றில் தள்ளுபடி. ஜன்னலுக்கு மேலே கறுப்புத் திரை தெரிந்தது. அதில் வெள்ளை எழுத்து, மாடி உயரம். எதிரில் ஹகிவாரா கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இன்னிக்கு," என்றார் வெண்டல். "இப்போ, இந்த அறையில."

டக்.

கலசத்தின் சிவப்பு விளக்கு ஆரஞ்சாக மாறியது.

எல்லோரும் திரும்பி விளக்கைப் பார்த்தார்கள். மார்ட்டின் கண்கூட ஒருகணம் அந்த விளக்கில் நின்றது. லெனோர் வெண்டலின் காதருகில் குனிந்தாள்.

"அறுபத்தஞ்சாவது பகுதி. நல்லா எழுதியிருந்தே."

ஸ்டாக்டன் அவளைப் பார்த்தார். "நீங்க ஏதோ சொல்ல வர்றீங்களா அம்மா?"

லெனோர் நேராக உட்கார்ந்தாள். சட்டையைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கும் வயதாகிவிட்டது. புதிய படத்தில் கிளிக்கு அவள்தான் என்று மார்ட் சொல்லியிருந்தார்.

"நான் குரல் மட்டும்தான் குடுப்பேன் அம்மா. வசனம் அவர் எழுதறது."

தீர்ப்பு நீளமானது. சுருக்கம் இதுதான். இந்தப் பொருள் ஜப்பானில் பாத்திரம், அமெரிக்காவில் கலசம். ஹகிவாராவின் படத்தை இங்கே தாராளமாகக் காட்டலாம். மேஜை நடுவில் இருப்பதை மட்டும் மங்கலாக்கிவிட வேண்டும். அதற்கு மனமில்லையென்றால், 'கலசத்தின் உருவம், அதைப் படைத்த வெண்டல் ப்ரூயிட் அவர்களின் அனுமதியுடன்' என்று படத் தொடக்கத்தில் போட வேண்டும். கறுப்புத் திரையில், தனியாக.

மார்ட் வெண்டலின் முதுகில் தட்டினார். "கேட்டியா? ரெண்டு படத்துல வருது உன் பேர். அவன் படத்துலயும் சேர்த்து."

ஹகிவாரா தீர்ப்பைக் கேட்டுத் தலைகுனிந்து வணங்கினார். வெண்டலால் அதை வெட்ட முடியவில்லை. பிறகு ஹகிவாரா மூடியைத் திறந்தார். மரக்கரண்டியால் சோற்றைக் கிளறிவிட்டு, பக்கத்து அறையிலிருந்த காபிக் கோப்பைகளில் போட்டு எல்லோருக்கும் கொடுத்தார். நடுவர் அம்மாள் வாங்கிக்கொண்டு, "உப்பு இருக்கா?" என்று கேட்டார். வக்கீல் முதலில் மறுத்து, பிறகு இரண்டு கோப்பை சாப்பிட்டார். காலையிலிருந்து யாரும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

வெண்டலிடம் கோப்பை வந்தது. நல்ல சூடு. பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து வாயில் போட்டார். ஐந்து முறை மென்றார், ஒருமுறை விழுங்கினார். லெனோர் வேறு பக்கம் பார்த்தாள்.

ஹகிவாரா கரண்டியைக் கையில் பிடித்தபடி அவர்முன் நின்றார்.

"எப்படி இருக்கு ப்ரூயிட் சார்?"

"நல்லா இருக்கு," என்றார் வெண்டல். "ரொம்ப நல்லா இருக்கு."

"அப்படியா? சந்தோஷம்." ஹகிவாரா இன்னொரு கரண்டி எடுத்து அவர் கோப்பையில் வைத்தார். "அப்போ இதையும் நீங்களே சமைச்சதா உங்க பேரைப் போட்டுக்குங்க."

மார்ட் ஜெல்னிக் வாயில் இருந்த சோற்றை விழுங்காமலே வக்கீல் பக்கம் திரும்பி, "குறிச்சுக்கோ," என்றார்.